செல்வலட்சுமி பெயரில் தட்டிய கதவு

ஏன் அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள்? நெருங்கி வாருங்கள் கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். மடியில் பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், நான் மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன். இன்றைக்கு ஒரு கதவின் கதை. வேம்பிலும் தேக்கிலும் செய்த கதவில்லை, கண்ணுக்கே தெரியாத கதவு. பரளச்சியில் ஒருத்தி அதைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனாள். அது திறந்ததா இல்லையா என்று சொல்லாமல் உங்களை எழுந்து போக விடமாட்டேன்.

கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் வாங்குகிற மண்டி ஒன்று அருப்புக்கோட்டையில் இருந்தது. அதற்குப் பரளச்சியில் ஒரு கிளை. கிளையில் இரண்டே கம்ப்யூட்டர். முன்னறையில் இருந்தது செல்வலட்சுமியுடையது. விவசாயி கொண்டுவந்த மூட்டையின் எடையையும் தரத்தையும் அவள் அதில் பதிந்தால்தான் சீட்டு வரும். சீட்டைக் கையில் வாங்கினால்தான் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும். இன்னொன்று பின்பக்கம் எடைக்கொட்டகையில், எடை போடுகிற பால்ச்சாமியிடம் இருந்தது. மதுரையில் என்ன விலை, விருதுநகரில் என்ன விலை என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டும் வெளியுலகத்துக்குப் போக வேண்டுமென்றால் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வாசலில் ஒரு பெட்டி நிற்கிறது. ப்ராக்ஸி என்பார்கள். வருகிறவர்களை மறித்து, 'நீ யார்? பெயரைச் சொல், கடவுச்சொல்லைச் சொல்' என்று கேட்பதுதான் அதன் வேலை. நாம் சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது. மதுரையில் இருக்கிற வேறொரு பெட்டியிடம் கேட்கும். 'நம்ம ஆள்தான்' என்று அது சொன்னால் கதவைத் திறக்கும். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பரளச்சிக்கு லைன் வருவது கூரைமேல் வைத்த ஒரு வட்டத்தட்டு வழியாக. அது லோடு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏறுகிற மாதிரி முக்கி முக்கித்தான் வரும். அதனால் அந்த ஊரில் எது நின்றாலும் சொல்வதற்கு ஒரே பதில் இருந்தது: "லைன் மெதுவா இருக்கு."

தை மாதம் பிறந்து மல்லி வரத் தொடங்கிய சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லாரும் பழைய கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்று. செல்வலட்சுமி அன்றைக்கே மாற்றினாள். அன்றைக்குப் பிடித்தது சனியன். காலையில் கதவு திறக்கும். நாலைந்து சீட்டு வருவதற்குள் மறுபடியும் அந்தக் கட்டம் வந்து நிற்கும். பெயர்? கடவுச்சொல்? கொடுத்தால் மறுபடியும் கேட்கும்.

வெளியே வண்டிகள் வேப்பமரம் வரைக்கும் நின்றன. தங்கபாண்டி என்ற விவசாயி ஜன்னலில் தலையை விட்டார்.

"ஏந்தாயி, சீட்டு வருமா? இல்ல மூட்டைக்குள்ளயே மல்லி முளைச்சு, நான் இன்னொரு தடவ அறுத்துக் கொண்டாரணுமா?"

"லைன் மெதுவா இருக்குண்ணே."

"அது மெதுவா வந்தா நீ ஓடிப்போயி எதிர்ல வாங்கிட்டு வர வேண்டியதுதானே!"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டாள்.

"சார், மறுபடியும் பேரு கேக்குது."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன், கேக்குது. குடுத்தேன், கேக்குது. என் பேரு எனக்கே மறந்துரும் போல."

"கேப்ஸ் லாக் பொத்தானைப் பாத்தீங்களா? அது அமுங்கியிருந்தா எழுத்து மாறிரும்."

"அதத்தேன் நேத்தே பிடுங்கிட்டேனே சார்."

"பிடுங்கிட்டீங்களா?"

"நகத்தால நெம்புனேன், வந்துருச்சு. இனிமே அந்தச் சாக்குச் சொல்லாதீக."

சங்கரபாண்டியன் நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரே நாளில் அந்தப் போன் இத்தனை தடவை வந்தால் யாருக்கும் பொறுமை போகும். மதுரைப் பெட்டியில் தேடிப் பார்த்தான். அது எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: பரளச்சியிலிருந்து செல்வலட்சுமி என்ற பெயரில் தவறான கடவுச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பூட்டி வைத்திருக்கிறேன். பரளச்சி என்று இருந்ததே தவிர, எந்தக் கம்ப்யூட்டர் என்று இல்லை. மெதுவான லைனில் அடிக்கிற எழுத்து தாமதமாகத் தெரிகிறது, அவசரத்தில் தப்பாக அடிக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான். 'நேரில் வாரேன்' என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினான்.

வந்தான். செல்வலட்சுமி பெயரைக் கொடுத்தாள், கடவுச்சொல்லைக் கொடுத்தாள், கதவு திறந்தது. சீட்டு மேல் சீட்டாக வந்தது. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான், ஒரு குறையும் இல்லை. தங்கபாண்டி டீ வாங்கிக் கொடுத்து, "இந்த மனுசனை இங்கயே கட்டிப்போடு தாயி" என்றார்.

சங்கரபாண்டியன் பஸ் ஏறினான். பஸ் ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் போன்.

"சார், கேக்குது."

"இன்னும் டிக்கெட்டே வாங்கலையேம்மா நான்!"

அடுத்த வாரம் இன்னொரு தடவை வந்தான். வட்டத்தட்டுக்கு நேர் எதிரே ஒரு சீமைக்கருவேலம் ஓங்கி நின்றது. அதுதான் வழியை மறிக்கிறது என்று ஆள் வைத்து வெட்டினான், தட்டையும் திருப்பி வைத்தான். அவனே கிளையை இழுத்துப் போட்டதில் உள்ளங்காலில் முள் ஏறி, பால்ச்சாமி ஊக்கால் எடுத்துவிட்டார். பதில் வரத் தாமதமானாலும் ப்ராக்ஸி பொறுத்திருக்கட்டும் என்று அதையும் மாற்றி வைத்தான். அன்றைக்கும் பொழுது சாயும் வரை எல்லாம் ஓடியது. அவன் நொண்டிக்கொண்டே பஸ் ஏறிய பிறகு, மறுபடியும் அந்தக் கட்டம்.

அவன் என்ன செய்வான், சொல்லுங்கள். மேலிடம் கேட்டது, எழுதிக் கொடுத்தான்: லைனில் குறையில்லை, கருவியில் குறையில்லை, பயன்படுத்துபவர் கடவுச்சொல்லைத் தவறாக அடிக்கிறார்.

அதைப் படித்துவிட்டு மேனேஜர் காளிராஜ் செல்வலட்சுமியைக் கூப்பிட்டுப் பேசினார்.

"மரத்த வெட்டியாச்சு. தட்டத் திருப்பியாச்சு. ஆளு வந்து பாத்தாச்சு. அவரு வந்தா ஓடுது, நீ உக்காந்தா நிக்குது. நான் என்னம்மா நெனைக்கட்டும்?"

"சார், நான் சரியாத்தேன் அடிக்கிறேன்."

"வண்டிக்காரவுக வேற மண்டிக்குப் போறாக. வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா பரளச்சிய மூடிட்டு காரியாபட்டியோட சேத்துருவோம். அங்க வாரதுன்னா வா, ஒன்ன வேண்டாங்கல."

காரியாபட்டிக்கு எப்படிப் போவாள்? அவள் புருஷன் மாரிக்கண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. வீட்டில் மாமனார், இரண்டு கண்ணும் தெரியாது. நடுப்பகல் ஆனால் செல்வலட்சுமி மண்டியிலிருந்து ஓடிப்போய்க் கஞ்சி ஊற்றி, வெங்காயத்தை அவர் கை படுகிற இடத்தில் வைத்துவிட்டு ஓடிவருவாள். ஒரு நாள் அவள் வரத் தாமதமானபோது கிழவர் தானே அடுப்பைத் தடவப்போய்ச் சுட்டுக்கொண்டார். இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கிய வடு இன்னும் இருக்கிறது.

மேனேஜர் பேசியதை அவள் வந்து சொன்னபோது கிழவர், "நீ போ தாயி. நான் தடவி எடுத்துக் குடிச்சுக்கிருவேன்" என்றார்.

"தடவுன லட்சணந்தேன் கையில தெரியுதே மாமா" என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்குத் தெரியாது என்றாலும் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தை நாள் கூட்டம் வேறு. கட்டம் வந்து நின்றது. செல்வலட்சுமி போனை எடுத்தாள். அவள் குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"சார், நீங்க வந்தா தொறக்குது, போனா மூடிக்கிருது. நான் தப்பா அடிக்கிறேன்னு எழுதிட்டீகளாம். என் பேரை நான் தப்பாவா அடிப்பேன்? ஒண்ணு செய்யுங்க. பெட்டி படுக்கையோட வந்து இங்கயே குடியிருங்க. மாமனாருக்கு ஊத்துற கஞ்சியில உங்களுக்கும் ஒரு குவளை ஊத்துறேன்."

போனை வைத்துவிட்டாள்.

சங்கரபாண்டியன் அன்று சொந்த வேலையாகத் திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. வரிசையை விட்டு வெளியே வந்தான். அங்கே தெரிந்தவரிடம் பைக்கை வாங்கினான். யாருக்கும் போன் பண்ணவில்லை. காட்டுப்பாதை வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தவன், வண்டிகள் அடைத்து நின்றதால் முன்வாசலுக்குப் போக முடியாமல் பின்பக்கம் எடைக்கொட்டகையில் போய் இறங்கினான்.

அவனைக் கண்டதும் பால்ச்சாமி தராசை விட்டுவிட்டுப் பதறி எழுந்தார். எழுந்தவர் முதலில் செய்தது, கம்ப்யூட்டர் சுவிட்சுக்குக் கையை நீட்டியது.

"வாங்க சார்! சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீக."

"இருங்க. ஏன் அணைக்கிறீங்க?"

"நீங்க வந்துருக்கீகள்ல. அதான்."

"நான் வந்தா எதுக்கு அணைக்கணும்?"

பால்ச்சாமிக்கு அது கேட்க வேண்டிய கேள்வியாகவே படவில்லை.

"லைனே சொட்டுச் சொட்டா வருது. நீங்க பிடிக்கையில நாங்களும் தொறந்து வச்சா உங்களுக்கு எங்கிட்டு வரும்? ஒரு வீட்டுல விருந்தாளி வந்துருக்காகன்னா, தெருவுல மத்த வீட்டுக்காரவுக குழாய மூடி விட்டுக்குடுக்க மாட்டாகளா? அந்த மாதிரித்தேன்."

"நான் முன்னாடி வந்தப்பவும் அணைச்சுத்தான் வச்சிருந்தீங்களா?"

"பின்னே? ஆபீஸர் வாராகன்னு செல்வலட்சுமி சொன்னதுமே அணைச்சுருவேன். நீங்க பஸ் ஏறுன பெறகுதேன் போடுவேன்."

சங்கரபாண்டியன் மல்லி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு எழுந்து திரையைப் பார்த்தான். அங்கேயும் அதே கட்டம். பெயர் என்ற இடத்தில் செல்வலட்சுமி. அதன் கீழே கடவுச்சொல்லை மறைக்கிற கறுப்புப் புள்ளிகள் வரிசையாக, யாரும் அடிக்காமலே, தயாராக நின்றன.

"இத யாரு அடிச்சது?"

"அதுவா வந்து நிக்கும் சார். நான் 'சரி'ன்னு அமுக்குவேன். போயிரும். திரும்ப வரும், திரும்ப அமுக்குவேன். தை மாசத்துலருந்து விலை ஒண்ணும் தெரியல. லைன் மெதுவுல்ல? போன்ல கேட்டுச் சொல்லிக்கிருவேன்."

என்ன நடந்தது என்று புரிகிறதா கண்ணுகளா? முன்பு எப்போதோ செல்வலட்சுமி தன் பெயரிலேயே கொட்டகைக் கம்ப்யூட்டரையும் திறந்து வைத்திருக்கிறாள். அது அவளுடைய கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டது. தையில் அவள் சொல்லை மாற்றியது அதற்கு எப்படித் தெரியும்? விலைப்பக்கம் தானாகப் புதுப்பிக்கிற போதெல்லாம் பழைய சொல்லைக் கொண்டுபோய் வாசலில் நீட்டியது. பால்ச்சாமி வேறு நடுநடுவே 'சரி'யை அமுக்கினார். யாரோ திருடன் இந்தப் பெயரில் தட்டுகிறான் என்று மதுரைப் பெட்டி பெயரையே பூட்டியது. முன்னறையில் சரியான சொல்லோடு நின்றவளுக்கும் சேர்த்துக் கதவு மூடியது.

சங்கரபாண்டியன் முன்னறைக்கு ஓடினான்.

"உங்க பேரு ஏன் கொட்டகையில இருக்கு? அவருக்குன்னு தனிப்பேரு குடுத்திருக்கே!"

"ஆரம்பத்துலருந்தே என் பேர்லதேன் தொறந்து வச்சிருக்கு சார்" என்றாள் செல்வலட்சுமி. "என் கைராசி நல்ல ராசியாம். போணி நான்தேன் பண்ணணும்னாக."

"கைராசியா?" அவன் குரல் தெருவரைக்கும் கேட்டது. "கைராசிக்கா நான் மரம் வெட்டுனேன்? கைராசிக்கா கால்ல முள்ளு ஏத்திக்கிட்டு நொண்டுனேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே சார். கேப்ஸ் லாக்கத்தேன் கேட்டீக."

அவன் விறுவிறுவென்று கொட்டகைக்கே திரும்பினான்.

செல்வலட்சுமியும், ஜன்னலில் நின்ற தங்கபாண்டியும் வண்டிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். இனி அவரவர் பெயரில்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி, பால்ச்சாமியின் பெயரை அடிக்கச் சொன்னான். பால்ச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் பேரு வேண்டாம் சார்."

"ஏன்?"

"வேண்டாம்னா விட்டுருங்க."

"விட்டா திங்கக்கிழமை கிளைய மூடிருவாங்க!"

பால்ச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கிளை திறந்த அன்று முதல் முதலில் அவர் பெயரில்தான் இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அன்று சாயங்காலம் பங்குனி வெயிலைக் கிழித்துக்கொண்டு மழை கொட்டியது. களத்தில் காய்ந்த வத்தல் அத்தனையும் நனைந்து கறுத்தது. "அத அள்ளி வெளிய கொட்டுனவன் நான். விடிஞ்சு இவ பேர்ல தொறந்தோம், யாவாரம் எந்திரிச்சு நின்னுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நம்ம பேரு எங்கயும் முன்னால வரக் கூடாதுன்னு."

தங்கபாண்டிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏலே பால்ச்சாமி, நீ பேரு அடிச்சா மழை வருமா? இத இத்தன காலமா மறைச்சு வச்சிருந்தியாலே! புரட்டாசியில எங்க காட்டுக்கு வந்து அடி. மண்ணு வெடிச்சுக் கெடக்கு. ஒனக்குக் கெடா வெட்டுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பால்ச்சாமியின் உதடும் கொஞ்சம் நெளிந்தது. ஆனாலும் கை முன்னால் வரவில்லை.

செல்வலட்சுமி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சித்தப்பா, எங்க மாமா கையப் பாத்திருக்கீகள்ல?"

"பாத்தேன் தாயி."

"நான் காரியாபட்டிக்குப் போனா அடுத்து எந்தக் கை? இல்ல, வேலைய விட்டுட்டா எந்த அடுப்பு?"

அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"கைராசி என் கையிலதான இருக்கு? பேரு உங்க பேரா இருக்கட்டும். கை என் கையா இருக்கட்டும். நான் போணி பண்ணி வைக்கிறேன்."

பால்ச்சாமி கையை அவிழ்த்தார். அவருடைய பெயரை அவள் அடித்தாள். கடவுச்சொல்லுக்கு வந்ததும் சங்கரபாண்டியன் குறுக்கே பாய்ந்தான்.

"அத அவருதான் அடிக்கணும்! ஒருத்தர் சொல்லு இன்னொருத்தருக்குத் தெரியவே கூடாது. எல்லாரும் திரும்புங்க!"

தங்கபாண்டி உட்பட எல்லாரும் கல்யாண வீட்டில் திரை பிடித்த மாதிரி முதுகைக் காட்டி நின்றார்கள். பால்ச்சாமி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். "முடிஞ்சுச்சு" என்றார். செல்வலட்சுமி திரும்பி வந்து, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, 'சரி'யை அமுக்கினாள்.

லைன் மெதுவுதானே. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். பால்ச்சாமி மட்டும் கொட்டகை விளிம்புக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர் தலையைக் குனிந்தபோது, பின்னால் தங்கபாண்டி கத்தினார்: "ஏலே, விலை வந்துருச்சுலே! வந்து பாரு!"

முன்னறையில் பூட்டு விலகும்வரை காத்திருந்து செல்வலட்சுமி தன் பெயரைக் கொடுத்தாள். திறந்தது. இந்தத் தடவை கொட்டகையில் யாரும் எதையும் அணைக்கவில்லை. வேப்பமரம் வரைக்கும் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

சங்கரபாண்டியன் அங்கிருந்தே காளிராஜுக்குப் போன் செய்தான்.

"சார், நான் எழுதிக் குடுத்தது தப்பு. செல்வலட்சுமி சரியாத்தான் அடிச்சிருக்காங்க."

"அப்ப தப்பு யாரு மேலய்யா?"

அவன் பால்ச்சாமியைப் பார்த்தான். அவர் முகம் மறுபடியும் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"என் மேலன்னே எழுதிக்கங்க சார். வந்தவன் கொட்டகைய எட்டிப் பாக்கல."

"மரம் வெட்டுனோமே, அது?"

"அது சும்மா வெட்டுனது சார்."

அன்றே அருப்புக்கோட்டைக்குப் போய் வாசல் பெட்டியில் ஒன்றை மாற்றி வைத்தான். ஒருவரை ஒரு தடவை மதுரையில் கேட்டுத் தெரிந்துகொண்டால், பொழுது சாயும்வரை மறுபடியும் போய்க் கேட்க வேண்டாம் என்று. திங்கட்கிழமை காளிராஜ் தானே வந்து முன்னறையில் உட்கார்ந்து பார்த்தார். சீட்டு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. "இவ்வளவு மெதுவாவா வரும்?" என்று சலித்துக்கொண்டார். "சரி, ஓடட்டும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

லைன் இன்றைக்கும் மெதுவுதான். அதைத் திட்டிக்கொண்டுதான் அங்கே பொழுது விடிகிறது. ஆனால் தினமும் காலையில் பால்ச்சாமி தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, "தாயி!" என்று கூப்பிடுகிறார். செல்வலட்சுமி போய் 'சரி'யை அமுக்கிவிட்டு வருகிறாள். நடுப்பகலில் ஓடிப்போய்க் கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்புகிறாள். திரும்பி வந்தால் கதவு திறந்தே இருக்கிறது.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டு வாசல் உங்களை ஒரே ஒரு தடவை 'யார்' என்று கேட்கட்டும், 'நான்தான்' என்றதும் திறக்கட்டும். வீட்டில் யாருடைய பெயரும் ராசியில்லாத பெயர் என்று ஒதுங்கி நிற்காதிருக்கட்டும். கண் தெரியாதவர் பசிக்கு முன்னால் ஒரு கை வந்து சேரட்டும். மழை உங்கள் காட்டில் பெய்து, களத்தை விட்டு வைக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து இருங்கள்.